ஆயுத ஆய்வுக்கூடத்துக் கர்னல்: அறிவியல் புனைகதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கதை எழுதும் இளையவர்கள் சிலர் தங்கள் பிரதிகளை என்னிடம் படிக்கக் கொடுப்பதுண்டு. அறிவியல் புனைகதை என்றால் பெரும்பாலும் அதில் ஒரு கர்னல் வந்துவிடுவார். காட்டுக்குள் ரகசிய ஆய்வுக்கூடம், ஊரையே அழிக்கக்கூடிய ஆயுதம், அதற்குப் பொறுப்பாக இரக்கமில்லாத ராணுவ அதிகாரி. ஆய்வுக்கூடத்தை அழகாகக் கற்பனை செய்திருப்பார்கள், ஆயுதத்தையும்தான். கர்னல் மட்டும் பழைய சினிமா வில்லன்போல உறுமிக்கொண்டிருப்பார்.

முதல் தவறு அந்த உறுமல்தான். முதல் அத்தியாயத்திலேயே தவறு செய்த விஞ்ஞானியை அவர் சுட்டுத் தள்ளுகிறார். சரி, சுட்டாயிற்று. அந்த விஞ்ஞானியின் வேலையை நாளைக்கு யார் பார்ப்பது? இருபது வருடம் படித்த ஆளை ஒரு தோட்டாவில் இழந்துவிட்டு, மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வார்? நிஜமான அதிகாரிக்கு இந்தக் கவலைதான் முதலில் வரும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், சத்தம் போட்டது மேஸ்திரியான மண்டோர். தோட்ட நிர்வாகியான பெரிய தொரை அப்படிக் கத்தி நாம் கேட்டதில்லை. ஆபீசில் கணக்கரான கிராணி நீட்டிய புத்தகத்தில் ஒரு பெயரை அடித்தால் போதும், ஒரு குடும்பம் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யும். உங்கள் கர்னலை மண்டோராக எழுதாதீர்கள், தொரையாக எழுதுங்கள்.

இதற்கு வரலாற்றில் நல்ல ஆள் லெஸ்லி கிரோவ்ஸ். அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கு 1942 செப்டம்பரில் பொறுப்பேற்றவர். அடிப்படையில் ராணுவப் பொறியாளர். அதற்கு முன் பென்டகன் கட்டடம் கட்டும் பணியை மேற்பார்த்தவர். குண்டை வடிவமைத்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஓப்பன்ஹைமருக்கு இடதுசாரித் தொடர்பு உண்டு என்று பாதுகாப்பு அதிகாரிகள் தயங்கியபோது, 1943 ஜூலையில் அவருக்குப் பாதுகாப்பு அனுமதி கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டவர் இவர்தான். கருணையால் அல்ல, அந்த ஆள் இல்லாமல் வேலை நடக்காது என்பதால். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கு வேண்டியது மட்டும் தெரிந்தால் போதும் என்று திட்டத்தைச் சுவர் சுவராகப் பிரித்து வைத்தவரும் அவரே. லட்சம் பேருக்கு மேல் அந்தத் திட்டத்தில் வேலை பார்த்தார்கள். என்ன செய்கிறோம் என்று அவர்களில் மிகச் சிலருக்கே தெரியும்.

அவருடைய கடுமை எங்கே வெளிப்பட்டது என்று பாருங்கள். 1945 ஜூலையில் லியோ சிலார்டும் சக விஞ்ஞானிகளுமாகச் சுமார் 70 பேர், சரணடைய வாய்ப்புக் கொடுக்காமல் ஜப்பான்மீது குண்டு போடக்கூடாது என்று ஜனாதிபதிக்கு ஒரு மனு எழுதினார்கள். அதை யாரும் கிழித்துப் போடவில்லை. யாரையும் கைது செய்யவில்லை. முறைப்படி ராணுவத்தின் வழியாகவே போகட்டும் என்றார்கள். கிரோவ்ஸ் கைக்கு வந்த அந்த மனு, குண்டு விழுவதற்கு முன் ஜனாதிபதி ட்ரூமனிடம் போய்ச் சேரவில்லை. உங்கள் கதையில் இப்படி ஒரு காட்சியை எழுதிவிட்டால் துப்பாக்கியே தேவைப்படாது.

அடுத்த தவறு, கர்னலுக்கு விஞ்ஞானியின் மூளையையும் கொடுத்துவிடுவது. கரும்பலகையில் விஞ்ஞானி போட்ட சமன்பாட்டை அவர் திருத்துவதெல்லாம் வேண்டாம். அதற்காக மடையனாக்கவும் வேண்டாம். அவர் கேட்கும் கேள்விகள் வேறு: எப்போது தயாராகும், எத்தனை செய்ய முடியும், வேறு யாருக்குத் தெரியும். இந்த மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஆள் போதுமான அளவு பயமுறுத்துவார்.

சிறு வயதில் தாயை இழந்ததால் கல்நெஞ்சரானார் என்ற முன்கதை எதற்கு என்று எனக்குப் புரிவதே இல்லை. எடுத்துவிடுங்கள்.

இனி நான் அதிகம் பார்க்கும் குறைக்கு வருகிறேன். இந்தக் கர்னல்களுக்கு மேலே யாருமே இருப்பதில்லை. தேதி இல்லை, பட்ஜெட் இல்லை, தொலைபேசியில் அழைக்கும் அமைச்சர் இல்லை. சொந்த வெறிக்காக ஆயுதம் செய்கிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் ஆளைக் கொல்வது வெறியைவிட அவசரம்தான்.

1960 அக்டோபர் 24. பைகோனூர் ஏவுதளத்தில் ஆர்-16 என்ற புதிய ஏவுகணையின் முதல் சோதனை. சோவியத் ஏவுகணைப் படையின் தலைவர் மார்ஷல் மித்ரோஃபான் நெதெலின் நேரில் வந்து நிற்கிறார். நவம்பர் 7 புரட்சி நாளுக்குள் சோதனையை முடிக்க வேண்டும். எரிபொருள் நிரப்பிய ஏவுகணையில் கோளாறு. முறைப்படி எரிபொருளை இறக்கிவிட்டுத்தான் பழுது பார்க்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை என்று நிரப்பியபடியே வேலை நடக்கிறது. மற்றவர்கள் தயங்கக்கூடாது என்று மார்ஷல் ஏவுகணைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் நிலை எஞ்சின் தானாகப் பற்றிக்கொண்டது. நெதெலினோடு சேர்ந்து பொறியாளர்களும் வீரர்களும் ஏராளமாகக் கருகிப் போனார்கள். ஏவுகணையை வடிவமைத்த யாங்கெல், புகை பிடிக்கப் பதுங்கு அறைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். மார்ஷல் விமான விபத்தில் இறந்தார் என்று அரசு அறிவித்தது.

இந்த மனிதர் கோழை இல்லை. ஆபத்தில் தானும் உட்கார்ந்தார். அதனால்தான் மற்றவர்களால் எழுந்து போக முடியவில்லை. இரக்கமின்மைக்குள் துணிச்சலும் இருக்கலாம் என்பது நம் கதைகளில் வருவதே இல்லை. கர்னல் எப்போதும் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக நிற்கிறார்.

விபத்தை எழுதுவதிலும் இதே கோளாறுதான். ஆய்வுக்கூடத்தில் சிவப்பு விளக்கு சுழல்கிறது, சங்கு ஊதுகிறது, சுவர் வெடிக்கிறது. 1979 ஏப்ரல் 2 அன்று சோவியத் யூனியனின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் இருந்த ராணுவ ஆய்வு நிலையத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோயின் நுண்விதைகள் காற்றில் கலந்தபோது வெளியே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. காற்று வெளியேறும் குழாயில் ஒரு வடிகட்டியைத் திரும்பப் பொருத்தவில்லை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் காரணம். காற்று போன திசையில் இருந்த மட்பாண்டத் தொழிற்சாலையின் ஆட்களும் அக்கம்பக்கத்து மக்களும் நோயில் விழுந்தார்கள். குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சி தின்றதால் வந்த நோய் என்று அரசு சொன்னது. 1992-இல்தான் ராணுவத்தின் வேலை என்று ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சின் ஒப்புக்கொண்டார்.

கதை எழுதுகிறவர்களுக்கு இதில் கிடைப்பது அந்த இறைச்சி. விபத்து ஒரே நாளில் முடிந்துவிடும், பொய் பத்துப் பன்னிரண்டு வருடம் உழைக்க வேண்டும். சந்தையில் இறைச்சி விற்றவர் என்ன ஆனார்? மருத்துவர் சான்றிதழில் என்ன எழுதினார்? இதையெல்லாம் ஏற்பாடு செய்யும் வேலை உங்கள் கர்னலுடையது. அங்கேதான் அவரை நாம் உண்மையாகப் பார்ப்போம்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர் எழுதும் ஆய்வுக்கூடம் ஏன் எப்போதும் நெவாடாவிலோ அண்டார்டிகாவிலோ இருக்கிறது? 1948 ஜூன் 16-இல் இதே சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் வந்தது. அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் சாலையோரப் புதர்களை அழிக்க 2,4,5-டி என்ற களைக்கொல்லியை அடித்தார்கள். பின்னாளில் வியட்நாமில் கொட்டப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு என்ற செடிகொல்லியில் பாதி அதுதான். ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரில் ஓகா 9420 என்ற படைப்பிரிவு, கொள்ளைநோய் பரப்ப எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் வளர்த்தது. பிற்காலத்தில் சிங்கப்பூர் அமைச்சரான ஒத்மான் வோக், இளம் வயதில் அங்கே உதவியாளாக வேலை பார்த்ததைத் தானே சொல்லியிருக்கிறார்.

கர்னலும் விஞ்ஞானியும் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் ஆய்வுக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குவது யார்? எலிக்குத் தீனி போடுவது யார்? வேலிக்கு வெளியே செம்பனைக்கு மருந்து அடிக்கும் அக்காவுக்கு இருமல் வந்தால் அது எதனால் என்று யார் சொல்வார்கள்? 2020-இல் தடை செய்யப்படும்வரை பாராகுவாட் என்ற நச்சுக் களைக்கொல்லியைத் தோளில் சுமந்து அடித்தவர்கள் இந்த அக்காமார்தான். புதிதாக ஒரு நஞ்சு காற்றில் வந்தால் பழி பழைய மருந்தின்மேல் போய்விடும். கர்னலுக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது.

ஆனால் இங்கே கதையை வைத்தால் சில விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். வேதி ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் மலேசியாவும் உறுப்பு நாடு, வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து பார்க்கலாம். அவர்களிடமிருந்து கூடத்தைக் கர்னல் எப்படி மறைக்கிறார் என்பது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓர் அத்தியாயம். அப்புறம், மலேசிய ராணுவத்தில் கீழே இருப்பவர் அதிகாரியைத் ‘துவான்’ என்றுதான் அழைப்பார். ‘எஸ் சார்’ என்று எழுதினால் டப்பிங் படம் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கும். ஒரே ஆளை முதல் பக்கத்தில் மேஜர், ஐந்தாம் பக்கத்தில் ஜெனரல் என்று எழுதுவதும் நடக்கிறது.

கடைசியாக முடிவு. தன் ஆயுதத்தாலேயே கர்னல் சாகிறார், வாசகர் கை தட்டுகிறார். நெதெலின் அப்படித்தான் செத்தார், மறுக்கவில்லை. ஆனால் அவரைக் கொன்றது அவருடைய அவசரம். எழுத்தாளரின் நீதி கொல்லவில்லை. உங்கள் கர்னல் அப்படிச் சாக வேண்டுமென்றால், முதல் அத்தியாயத்திலிருந்தே அந்த அவசரம் அவரிடம் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம் இஷீ ஷிரோ இருக்கிறார். மஞ்சூரியாவில் ஜப்பானிய ராணுவத்தின் 731 பிரிவை நடத்தி, உயிருள்ள மனிதர்கள்மேல் நோய்க்கிருமிகளைச் சோதித்த ராணுவ மருத்துவர். ஆய்வுத் தகவல்களைக் கொடுத்ததற்குப் பதிலாக அமெரிக்கர்கள் அவரை வழக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். 1959-இல் ஜப்பானில் நோயில் இறந்தார். அப்படி ஒரு முடிவை எழுதிக் கொடுத்தால் கதைப் போட்டி நடுவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்குக் கொடுங்கள், நான் படிக்கிறேன்.