மின்ரயில் டிப்போவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் டிப்போவுக்குப் புதிதாக வரும் தம்பிகளோடு ஒரு ஷிப்ட் நின்றால் போதும், எங்கள் செட் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகள் வரிசையாக வரும். தலைக்கவசம், காலணி பற்றியெல்லாம் சூப்பர்வைசர் தினமும் கத்துகிறார், அதை விட்டுவிடுகிறேன்.

கார்பனை நடுவில் மட்டும் அளப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். கொமுட்டர் என்னும் புறநகர் மின்ரயிலின் கூரையில், மேலே தூக்கி நிற்கும் மடக்குக் கை பேண்டோகிராஃப் (பேண்டோ); அதில் இருக்கும் கார்பன் பட்டைதான் மேல்கம்பியை உரசி மின்சாரம் எடுக்கிறது. ஒரே இடம் தேயக்கூடாது என்றுதான் கம்பியை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். அப்படியிருக்க, நடுவில் ஓர் அளவு எடுத்து, "தடிமன் இருக்கு அண்ணே" என்று கையெழுத்துப் போட்டால் எப்படி? தடம் பிரியும் இடத்தில் இன்னொரு கம்பி பக்கவாட்டில் வந்து சேரும். அது வந்து ஏறுவது பட்டையின் ஓரத்துப் பக்கமாகத்தான்.

எல்.ஆர்.டி. என்னும் இலகு ரயில் பக்கமிருந்து வருபவர்களுக்கு இது இன்னும் சிரமம். அங்கே மின்சாரம் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, 750 வோல்ட். கண் கீழேயே பழகிவிடுகிறது.

ஒருமுறை ஒரு வண்டியின் கார்பன் ஓரத்தில் நகம் அளவுக்கு உடைந்திருந்தது. அளந்த தம்பி கவனிக்கவில்லை. உடைந்த விளிம்பு கம்பியைச் சுரண்டியது. சொரசொரப்பான கம்பி, பின்னால் வந்த வண்டிகளின் கார்பனை அரம் போல ராவியது. அப்புறம் கூரையில் ஏறிப் பார்த்தால் வண்டிக்கு வண்டி அதே ஓரத்தில் பள்ளம். நல்ல பட்டைகளையும் கழற்றிப் போட வேண்டியதாயிற்று; இரவில் லைனை நிறுத்திக் கம்பியையும் சரிசெய்தார்கள்.

முனையிலிருந்து முனை வரை டார்ச் அடித்துப் பாருங்கள். கையுறையோடு விளிம்பைத் தடவுங்கள். கார்பன் அதைத் தாங்கும் அலுமினியச் சட்டத்தோடு ஒட்டும் இடத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளில் பட்டைக்குள் காற்று ஓடும். பட்டை உடைந்தால் காற்று கசிந்து பேண்டோ தானாக இறங்கிவிடும். அந்தக் கசிவுச் சோதனையையும் விடாதீர்கள்.

பேண்டோ இறங்கிவிட்டது, இனி பயமில்லை என்று கூரையில் ஏறுவது

பேண்டோ இறங்கினாலும் மேல்கம்பியில் 25,000 வோல்ட் அப்படியேதான் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் பக்கத்துத் தடத்துக் கம்பியால் இதில் மின்னழுத்தம் தூண்டப்படும். எர்த் போடாத, அதாவது வயர் மாட்டித் தண்டவாளத்தோடு இணைக்காத கம்பியை உயிருள்ள கம்பியாகத்தான் நினைக்க வேண்டும்.

எர்த் போடும் வரிசை

எர்த் வயரின் ஒரு முனையை முதலில் தண்டவாளத்தில் மாட்டுங்கள், பிறகு மறுமுனையை மேல்கம்பியில். கழற்றும்போது நேர் எதிர்.

போல்ட்டில் பழைய பெயின்ட் கோட்டை அழிக்காமல் வைப்பது

போல்ட் தளர்ந்து திரும்பியிருக்கிறதா என்று காட்டத்தான் அந்தக் கோடு. முறுக்கி முடித்ததும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதுக்கோடு போடுங்கள்.

இன்வர்ட்டர் பெட்டியைத் திறந்ததும் கை வைப்பது

மோட்டாருக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி இது. மின்சாரத்தை நிறுத்தினாலும், உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை.