ஒற்றைத் தேடும் முன்: ஆய்வேடு திருத்தப் பழகுவோருக்கு

புதிதாகத் திருத்த வருபவர்கள் எடுத்த எடுப்பில் ஒற்றுப்பிழையில்தான் கை வைப்பார்கள். பத்துப் பக்கத்துக்கு 'க்', 'ச்' போட்டு முடித்த பிறகு, அந்தப் பத்துப் பக்கமுமே வேண்டாத பகுதி என்று பதினோராம் பக்கத்தில் தெரியவரும். அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஆய்வேடானாலும் சரி, பத்தமடைப் பாய் நெசவாளர்கள் வங்கிக்கு எழுதும் கடன் விண்ணப்பமானாலும் சரி, வரிசை ஒன்றுதான்: அமைப்பு, தகவல், வாக்கியம், எழுத்து. ஒவ்வொன்றுக்கும் தனி வாசிப்பு.

முதல் வாசிப்பில் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு பத்திக்கும் எதிரே அது சொல்வதை ஐந்தாறு சொல்லில் குறித்துக்கொண்டே போங்கள். இயல் முடிந்ததும் குறிப்புகளை மட்டும் படித்தால், ஒரே செய்தி மூன்று இடத்தில் வந்திருப்பதும், முன்னுரையில் எழுப்பிய கேள்விக்கு முடிவுரையில் பதில் இல்லாததும் அகப்பட்டுவிடும். கடன் விண்ணப்பம் என்றால் எவ்வளவு தொகை, எதற்கு என்பது முதல் பத்தியிலேயே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தகவல் வாசிப்புக்குத்தான் நேரம் பிடிக்கும். நெல்லைச் சீமை பற்றிய ஆய்வேடுகளில் அதிகம் கால் இடறுவது மாவட்ட எல்லையில். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. அதனால் 'திருநெல்வேலி மாவட்டம்' என்ற பெயர் 1981இல் ஒரு பரப்பையும், 2011இல் வேறொன்றையும், இன்று இன்னொன்றையும் குறிக்கும். 2011 கணக்கெடுப்பின் 30,77,233 என்ற மக்கள்தொகையை இன்றைய மாவட்டத்துக்கு உரியதாக எழுதினால் தவறு. அதில் தென்காசியும் அடக்கம். மூன்று ஆண்டுப் புள்ளிவிவரங்களை ஒரே அட்டவணையில் வைத்து 'குறைந்துள்ளது' என்று முடிவு கட்டியிருந்தால், குறைந்தது மக்களா, எல்லையா என்று கேளுங்கள். குற்றாலம் இப்போது தென்காசி மாவட்டம். ஆதிச்சநல்லூரும் கொற்கையும் தூத்துக்குடி மாவட்டம்.

துறைச்சொல்லையும் இதே வாசிப்பில் பார்த்துவிடுங்கள். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்குக் கார், பிசானம் என்றுதான் பருவப் பெயர். அம்பாசமுத்திரம் வயலைப் பற்றிய கட்டுரையில் 'குறுவை' வந்தால், காவிரிப் படுகை பற்றிய ஏதோ ஒன்றிலிருந்து அந்தப் பத்தி அப்படியே வந்திருக்கக்கூடும். ஆனால் மேற்கோள் குறிக்குள் இருப்பதைத் தொடாதீர்கள். பழைய ஆவணம் ஆதிச்சநல்லூரைத் திருநெல்வேலி மாவட்டம் என்றால் அது அப்படியே நிற்கட்டும். இன்றைய நிலையை அடிக்குறிப்பில் தரச் சொல்லுங்கள்.

இனி வாக்கியம். அடிக்கடி கண்ணில் படும் வகை இது:

'இவ்வாய்வானது திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள ஆதிச்சநல்லூர் பகுதியில் மேற்கொள்ளப்பட்ட அகழாய்வுகளின் போது கிடைக்கப்பெற்ற முதுமக்கள் தாழிகளைப் பற்றி ஆய்வு செய்யப்படுகிறது.'

எழுவாய் 'ஆய்வு'; பயனிலை 'ஆய்வு செய்யப்படுகிறது'. ஆய்வையே ஆய்வதாக வந்து நிற்கிறது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே பன்னிரண்டு சொல் புகுந்ததால், எழுதியவருக்கே தொடக்கம் மறந்துபோயிற்று. இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து, செயப்பாட்டு வினையை எடுத்துவிட்டால் முடிச்சு அவிழும்:

'தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூர் அகழாய்வுகளில் கிடைத்த முதுமக்கள் தாழிகளை இவ்வாய்வு ஆராய்கிறது.'

பதினைந்து சொல் ஒன்பதாயிற்று. 'மேற்கொள்ளப்பட்ட', 'கிடைக்கப்பெற்ற' போனதில் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் யார் செய்தார் என்பது முக்கியமில்லாத இடத்தில் 'மாதிரிகள் உலர்த்தப்பட்டன' என்றே விடலாம். எல்லாப் 'படு'வையும் வேட்டையாடுவதும் ஒரு நோய்தான். 'குளங்கள் வறண்டது' போன்ற ஒருமை பன்மை மயக்கத்தையும் இந்த வாசிப்பிலேயே பிடித்துவிடுங்கள்.

எழுத்துக்கு வரும்போது, பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பா என்று முதலில் கேளுங்கள். 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக நிற்கும். துணைக்காலுக்குப் பதில் 'ர' உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பதால், தேடும் வசதியைக் கொண்டுதான் பிடிக்க வேண்டும். ஒற்றில் மூன்று விதி கைவந்தால் பெரும்பகுதி சரியாகும்: அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின் மிகும், 'ஐ', 'கு' உருபு வெளிப்படையாக வந்தால் மிகும், வந்த, செய்த போன்ற பெயரெச்சத்தின் பின் மிகாது. 'அந்தப் பையன்', 'வந்த பையன்' என்று இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்டில், செய்த மாற்றங்களைத் தனியாகக் காட்டும் டிராக் சேஞ்சஸைப் போடாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதீர்கள். பொருள் புரியாத இடத்தில் ஊகித்துத் திருத்துவது ஆபத்து. 'இங்கே ஏக்கரா, ஹெக்டேரா?' என்று ஓரத்தில் கேட்டுவிடுங்கள். 'தெளிவில்லை' என்று மட்டும் எழுதினால் ஆய்வாளர் என்ன செய்வார், பாவம்!

இன்னொன்று, சிலர் ஒப்புமை விழுக்காட்டை, அதாவது பிறர் எழுத்தோடு ஏடு ஒத்துப்போகும் அளவை, குறைத்துத் தரச் சொல்லி வருவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிகளில் பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்குமேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திய ஏட்டைத் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சொல்லை மாற்றிப் போட்டு எண்ணிக்கையை ஏமாற்றுவது திருத்துபவர் வேலை அல்ல, மறுத்துவிடுங்கள். மூலத்தைச் சுட்டாமல் விட்ட இடங்களைக் குறித்துக் கொடுப்பதோடு நில்லுங்கள்.

திருத்தங்களை ஆய்வாளர் ஏற்றுக்கொண்ட பிறகு பக்கங்கள் நகர்ந்திருக்கும். பொருளடக்கத்தின் பக்க எண்களையும் அட்டவணை எண்களையும் கடைசியாக ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு அச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.