கடலும் ஒயினும் இரவும்: முதல்முறை முதுகுப்பையோடு போர்ட்டோ போகும் ஜோடிகளுக்கு

பேக்பேக் மாட்டிக்கொண்டு ஐரோப்பா போக வேண்டும், கடலில் கால் நனைக்க வேண்டும், நல்ல ஒயின் ருசிக்க வேண்டும், ராத்திரி தெருவில் கூட்டத்தோடு நிற்க வேண்டும் என்று ஆசைப்படும் ஜோடிகள் முதலில் செய்வது ஒரு வாரத்துக்குள் நாலு நகரங்களைத் திணிப்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாதி விடுமுறை ரயில் நிலையத்திலும் ஹாஸ்டல் வரவேற்பிலும் போய்விடும், மீதியில் இருவரும் களைத்துப்போய்ச் சண்டை போடுவீர்கள். போர்ச்சுகலின் வடக்கே இருக்கும் போர்ட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். கடல், ஒயின் கிடங்கு, இரவு வாழ்க்கை மூன்றும் ஒரே மெட்ரோ வலைக்குள் இருக்கிற ஊர் அது. ஒரே அறையில் தங்கி, பையை இறக்கி வைத்துவிட்டு, தினமும் வேறு திசையில் போய் வரலாம். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூன் அல்லது செப்டம்பர். ஜூன் 23 இரவு சாவ் ஜுவாவ் திருவிழா. ஊரே தெருவில் இறங்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் யார் தலையில் வேண்டுமானாலும் செல்லமாகத் தட்டுவார்கள், மூலைக்கு மூலை மத்தி மீன் சுடுவார்கள், நள்ளிரவில் டூரோ ஆற்றின் மேல் வாணவேடிக்கை, அதற்குப் பிறகு இளைஞர்கள் ஆற்றோரமாகவே நடந்து கடற்கரைக்குப் போய் விடியலைப் பார்ப்பார்கள். கூட்டம் பிடிக்கும் என்றால் அந்த ஓர் இரவுக்காகவே போகலாம், ஆனால் அறை வாடகை ஏறிவிடும், பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். ஒயின்தான் முக்கியம் என்றால் செப்டம்பர், திராட்சை அறுவடைக் காலம்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடை நெருங்க நெருங்க விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது கடினம், அதனால் விமான டிக்கெட்டை யோசிக்கும்போதே இதையும் தொடங்குங்கள்.

படி 2: பை

ஆளுக்கு 40 லிட்டர் பை ஒன்று போதும். சக்கரம் வைத்த பெட்டி இந்த ஊருக்கு ஒத்துவராது. ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறும் தெருக்கள் பல செங்குத்தானவை, கல் பதித்தவை, நடுவில் படிக்கட்டுகள் வேறு. துணியில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். கோடையிலும் பிற்பகலில் வடக்கிலிருந்து பலமான காற்று வீசும். போர்ச்சுகல்காரர்கள் அதற்கு நொர்டாடா என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பிடிப்பான அடிப்பாகம் உள்ள ஷூ, மெல்லிய துண்டு, அப்புறம் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். குழாய்த் தண்ணீரையே தாராளமாகக் குடிக்கலாம்.

படி 3: எங்கே தங்குவது

சாவ் பென்டோ ரயில் நிலையத்துக்கும் டிரின்டாட் மெட்ரோவுக்கும் இடைப்பட்ட பகுதி. ஆற்றங்கரையிலேயே இருக்கும் ரிபெய்ரா பகுதி படத்தில் அழகு, ஆனால் ஒவ்வொரு முறையும் மேடு ஏற வேண்டும், சத்தமும் அதிகம். ஜோடியாகப் போகிறவர்கள் பத்துப் பேர் படுக்கும் அறையைவிட ஹாஸ்டலிலேயே இருவருக்கான தனி அறை கேட்பது நல்லது. இரண்டு படுக்கையின் விலையைக் கூட்டிப் பார்த்தால் பல நேரம் பெரிய வித்தியாசம் இருக்காது, ஒருவர் ராத்திரி தாமதமாக வந்தாலும் இன்னொருவர் தூங்கலாம். அறை வாடகைக்கு மேல் நகராட்சி சுற்றுலா வரியும் உண்டு, 2024 டிசம்பரிலிருந்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 3 யூரோ. கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: இறங்கியதும்

விமான நிலையத்துக்குள்ளேயே மெட்ரோ இருக்கிறது. ஊதா நிற ஈ தடம், டிரின்டாட் வர அரை மணி நேரம் அளவில் ஆகும். எந்திரத்தில் அன்டான்டே என்ற அட்டையை ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும், ஓர் அட்டையில் இருவர் பயணிக்க முடியாது. நகரம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, போகும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை மண்டலத்துக்குப் பணம் ஏற்ற வேண்டும் என்று எந்திரமே சொல்லும். ரயில் ஏறும் முன், தடம் மாறும்போது, எப்போதும் அட்டையை நடைமேடை எந்திரத்தில் காட்டுங்கள். பல நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை என்பதால் மறந்துவிடுவது சுலபம், பரிசோதகர் வந்தால் அபராதம்.

படி 5: கடற்கரை நாள்

நீல நிற ஏ தடத்தில் ஏறி மத்தோசின்யூஸ் சுல் நிலையத்தில் இறங்குங்கள், சில நிமிட நடையில் அகலமான மணல் கடற்கரை. அருகில் இருக்கும் ரவுண்டானாவின் மேல் பெரிய வலை ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கலைஞர் ஜானெட் எகெல்மேன் 2005-இல் செய்தது, மீனவர் ஊருக்குப் பொருத்தமான சிற்பம்.

இது அட்லாண்டிக். கோடையிலும் தண்ணீர் 16 முதல் 19 டிகிரிதான், மெரினாவில் நின்ற பழக்கத்தில் ஒரேயடியாகக் குதிக்காதீர்கள், முதலில் முழங்கால் வரை நின்று உடம்பைப் பழக்குங்கள். கொடிகளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். பச்சை என்றால் நீந்தலாம், மஞ்சள் என்றால் கரையோரம் நனையலாம் ஆனால் நீந்தக் கூடாது, சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இதேதான். இந்தக் கடலின் இழுப்பு கண்ணுக்குத் தெரியாது.

கோடையில் காலையில் மூடுபனி இருக்கும், பிற்பகல் காற்று பிடிக்கும், அதனால் பதினொன்றிலிருந்து மூன்று வரைதான் நல்ல நேரம். அலை சீராக வருவதால் சர்ஃபிங் பழக ஏற்ற இடம் இது, கரையிலேயே பள்ளிகள் இருக்கின்றன, பலகையோடு குளிருக்கான ரப்பர் உடையும் தருவார்கள். இருவரும் முதல்முறை என்றால் சேர்ந்தே ஒரு வகுப்பு எடுங்கள், சேர்ந்து விழுந்து எழுவதில் வருகிற நெருக்கம் வேறு எதிலும் வராது.

மதியச் சாப்பாட்டுக்குத் துறைமுகத்துக்குப் பின்னால் எரோயிஸ் டி ஃப்ரான்சா தெருவுக்கு நடங்கள். உணவகங்கள் வாசலிலேயே கரி அடுப்பு வைத்து மீன் சுடுகின்றன. மத்தி சுட்டு, கல்லுப்பு தூவி, அவித்த உருளைக்கிழங்கோடு வரும். உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாம் தானாக மேசைக்கு வரும், அவை இலவசம் அல்ல. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

திரும்பும்போது மெட்ரோ வேண்டாம், 500-ஆம் எண் பேருந்தில் வாருங்கள். கடலோரமாக வந்து, ஆறு கடலில் கலக்கும் ஃபோஸ் பகுதியைத் தொட்டு, பிறகு ஆற்றோரமாகவே சாவ் பென்டோ வரை வரும். அதே அன்டான்டே அட்டை செல்லும்.

படி 6: ஒயின் நாள், இதற்கு முழு மனசும் கொடுங்கள்

டோம் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் நடந்து ஆற்றைக் கடந்தால் விலா நோவா டி காயா. 1886-இல் திறந்த இரும்புப் பாலம், ஒரு பக்கம் பழைய நகரத்தின் ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் ஒயின் கிடங்குகளின் கூரைகள். அந்தக் கூரைகளின் கீழேதான் போர்ட் ஒயின் பீப்பாய்களில் முதிர்ந்துகொண்டிருக்கிறது.

ருசிப்பதற்கு முன் இது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் கிளாஸில் இருப்பது புரியும். திராட்சை விளைவது இங்கே அல்ல, கிழக்கே டூரோ பள்ளத்தாக்கில், வெயில் கொளுத்தும் மலைச்சரிவுகளில். 1756-லேயே இந்த ஒயினுக்கான நிலப்பகுதியை அரசு எல்லை கட்டி அறிவித்துவிட்டது. சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போது, சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறுவதற்குள், 77 சதவீத வலுவுள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள். நொதித்தல் நின்றுவிடும், இனிப்பு தங்கிவிடும். அதனால்தான் போர்ட் இனிப்பாகவும், அதே நேரத்தில் 20 சதவீத அளவு ஆல்கஹாலோடும் இருக்கிறது. பிறகு ஏன் காயாவுக்குக் கொண்டுவந்தார்கள்? கடலுக்குப் பக்கத்தில் குளிர்ச்சியும் ஈரமும் அதிகம், ஒயின் மெதுவாக முதிரும். தட்டையான ரபெலோ படகுகளில் பீப்பாய்களை ஏற்றி ஆற்றின் வழியே இறக்கினார்கள். அந்தப் படகுகளைக் கரையில் இன்றும் பார்க்கலாம்.

எந்தக் கிடங்கு? சாண்ட்மேன், கேலம், ஃபெரெய்ரா ஆகியவை ஆற்றங்கரையிலேயே இருக்கின்றன, எளிது. டெய்லர்ஸ், கிரஹாம்ஸ் மேட்டின் மேல், நடக்க வேண்டும், ஆனால் அங்கிருந்து தெரியும் காட்சிக்கு அந்த ஏற்றம் தகும். ஒரே நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதல் கிடங்கில் சுற்றிக்காட்டும் பயணத்தோடு சேர்ந்த ருசிபார்ப்பை எடுங்கள், ஆளுக்குச் சுமார் 20 யூரோவிலிருந்து இருக்கும், நேரத்தை முன்பதிவு செய்யுங்கள். இரண்டாவதில் சுற்றிப்பார்ப்பதை விட்டுவிட்டு ருசிக்க மட்டும் உட்காருங்கள்.

முன்னால் கிளாஸ்கள் வரிசையாக வந்ததும், வெளிறியதிலிருந்து தொடங்காமல் இருப்பவர்கள் அதிகம், அப்படிச் செய்தால் பிற்பாடு வருவது எதுவும் நாக்கில் நிற்காது. முதலில் வெள்ளைப் போர்ட். அடுத்து ரூபி, பெரிய தொட்டிகளில் காற்றுப் படாமல் வைத்தது, நாவல்பழமும் செர்ரியும் கலந்த வாசம். அதற்கு மேல் எல்.பி.வி., அதாவது லேட் பாட்டில்டு விண்டேஜ், ஒரே ஆண்டின் அறுவடையை நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள் வைத்திருந்து பாட்டிலில் அடைத்தது. கடைசியாக டோனி. இது 550 லிட்டர் அளவிலான சிறிய பீப்பாய்களில் மரத்தின் வழியே காற்றோடு மெல்ல உறவாடி முதிர்வது. சிவப்பு போய்ப் பழுப்பேறும், பழ வாசம் போய் வறுத்த முந்திரி, காய்ந்த அத்தி, கருப்பட்டிப் பாகு என்று மாறும். பத்து வருடத்தையும் இருபது வருடத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ருசித்துப் பாருங்கள். காலம் ஒரு பானத்தை என்ன செய்யும் என்பதை இவ்வளவு நேரடியாக நாக்குக்குச் சொல்லும் இன்னொன்றை நான் அறியேன்.

ருசிக்கும் முறை எளிதுதான். கிளாஸை வெள்ளைத் தாளுக்கு எதிரே சாய்த்து நிறத்தைப் பாருங்கள், ஒரு சுழற்று சுழற்றி மூக்கை உள்ளே விட்டு முகருங்கள், பிறகு சிறு மடக்கை வாயில் வைத்து நாக்கு முழுக்கப் பரவ விட்டு விழுங்குங்கள். விழுங்காமல் துப்பவும் செய்யலாம், அதற்குப் பாத்திரம் கேட்டால் தருவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடுநடுவே தண்ணீர். ஆளுக்கொரு வேறு தொகுப்பை வாங்கிக் கிளாஸை மாற்றிக்கொண்டால் ஒரே செலவில் இரண்டு மடங்கு வகைகள் கிடைக்கும், எதில் என்ன தெரிகிறது என்று பேசிக்கொள்ளவும் ஆகும். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் இதெல்லாம். சாதாரண ஒயின் 12 முதல் 14 சதவீதம், இது 20. வெயிலில் சட்டென்று தலைக்கு ஏறும்.

மாலையில் பாலத்தின் மேல்முனையில் இருக்கும் மோரோ தோட்டத்துப் புல்வெளியில் உட்காருங்கள். யாராவது கிடார் வாசித்துக்கொண்டிருப்பார்கள், எதிரே நகரம், ஆற்றில் சூரியன் இறங்கும்.

படி 7: இரவு

இங்கே இரவு தாமதமாகத்தான் தொடங்குகிறது. எட்டு மணிக்குச் சாப்பாடு, பதினொன்றுக்கு மேல்தான் கூட்டம், நடன அரங்குகளில் இரண்டு மணிக்கு முன் போனால் வெறிச்சோடி இருக்கும். கிளெரிகோஸ் கோபுரத்துக்கு அருகே கலேரியா டி பாரிஸ் தெருவும் அதற்கு இணையான கான்டிடோ டோஸ் ரெய்ஸ் தெருவும்தான் மையம். வாசல்களில் கிளாஸோடு நின்று பேசுபவர்களால் வியாழன் முதல் சனி வரை தெருவே நிறைந்திருக்கும். சிறிய குழாய் பீருக்கு ஃபினோ என்று கேளுங்கள். கனமில்லாமல் ஏதாவது வேண்டும் என்றால் போர்ட்டோ டோனிகோ, வெள்ளைப் போர்ட்டில் டானிக் ஊற்றி ஐஸும் எலுமிச்சையும் சேர்த்தது, கோடை இரவுக்கு இதைவிட ஏற்றது இல்லை.

முன்னதாக ஒரு ஃப்ரான்சிசின்யா சாப்பிட்டுவிடுங்கள். ரொட்டிக்குள் பல வகை இறைச்சி, மேலே உருகிய பாலாடைக்கட்டி, சுற்றிலும் பீரும் தக்காளியும் சேர்ந்த சூடான குழம்பு. ஒன்றை இருவர் பகிரலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் சில கடைகளில் தனியாகச் செய்கிறார்கள்.

மெட்ரோ ஒரு மணி அளவில் நின்றுவிடும், நடந்தே திரும்பும் தூரத்தில் தங்கச் சொன்னது இதற்காகவும்தான். வெளியே கிளம்பும்போதே எத்தனை மணிக்குத் திரும்புவது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஆட வேண்டும், இன்னொருவருக்குத் தூக்கம் வந்துவிட்டது என்றால் அந்த நேரத்தில் விவாதிப்பது கசப்பில் முடியும். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு, அதன் நகலையும் ஒரு வங்கி அட்டையையும் மட்டும் எடுத்துப் போங்கள்.

படி 8: திராட்சை மலைக்கு ஒரு நாள்

இரவு ஆடிய மறுநாள் அல்ல, அதற்கடுத்த நாள். சாவ் பென்டோவிலிருந்து பின்யாவ் வரை ரயில், இரண்டரை மணி நேரம் அளவில் ஆகும், சிலவற்றில் ரேகுவாவில் மாற வேண்டும். போகும்போது வலது பக்க ஜன்னல். பாதி வழிக்குப் பிறகு தண்டவாளம் ஆற்றை ஒட்டியே போகும். 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த படிக்கட்டுத் தோட்டங்கள் இவை. பின்யாவ் நிலையத்தின் சுவர் ஓடுகளிலேயே அறுவடையும் படகுகளும் வரையப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கின்டா டோ பொன்ஃபிம் தோட்டம், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். திரும்பும் ரயில்கள் குறைவு, நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கார் எடுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ருசிபார்த்துவிட்டு அந்த மலை வளைவுகளில் யாரும் ஓட்டக் கூடாது.

படி 9: ஒரு பாட்டில் கொண்டுவர

கைப்பையோடு மட்டும் பறப்பவர்கள் ஊருக்குள் பாட்டில் வாங்கினால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும், சோதனை தாண்டிய பிறகு விமான நிலையக் கடையில் வாங்குங்கள். நடுவில் வேறு விமான நிலையத்தில் மாறுவதாக இருந்தால், கடையில் தரும் முத்திரையிட்ட பையைப் பிரிக்காமல் வைத்திருங்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரை தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். எதை வாங்குவது என்றால் பத்து வருட டோனி. நல்ல ஆண்டொன்றின் அறுவடையைப் பாட்டிலிலேயே முதிரவிட்ட விண்டேஜ் போர்ட்டைத் திறந்தால் ஓரிரு நாளில் முடிக்க வேண்டும், டோனி அப்படியல்ல, மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும்.