மலையேற்றத்துக்குக் கெடாத சாப்பாடு கட்டுவது எப்படி?

வெள்ளி ராத்திரி எழும்பூரில் ரயில் ஏறி, சனிக்கிழமை காலை மலையடிவாரத்தில் இறங்கி, ஞாயிறு சாயங்காலம் கீழே வருகிற பயணத்துக்கான முறை இது. நாகலாபுரம் போல ஒரே நாளில் போய்வரும் இடமென்றால் முதல் இரண்டு படிகள் போதும்.

முதலில் ஒரு கணக்கு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெறும் சோறு, சாம்பார், கூட்டு, பொரியல், அவித்த முட்டை, கறி எல்லாம் இந்தச் சூட்டில் 2 மணி நேரம்தான் இருக்கலாம். வெளியே 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணி நேரம். சென்னைக் கோடையில் பகல் முழுக்க அந்த 1 மணி நேரக் கணக்குதான். மலைமேல் குளிர்கிறதே என்று சிலர் அசட்டையாக இருப்பார்கள். 12 டிகிரி நமக்குத்தான் குளிர், கிருமியைத் தடுக்க அது போதவே போதாது.

படி 1: பட்டியல் போடுங்கள்

ராத்திரி ரயிலுக்கு எலுமிச்சை சாதம் அல்லது புளியோதரை. மறுநாள் காலைக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, காலையிலேயே தீர்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அங்கேயே சமைப்பதுதான் சரி: அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அப்பளம். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். தேங்காய் இல்லாமல் முடியாது என்றால் முழுக்காயாக எடுத்துப்போய் அங்கே உடையுங்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, வெங்காயம் எதையும் வீட்டில் நறுக்கிக் கொண்டுபோகாதீர்கள்.

தயிர்சாதத்தில் ஒரு சிக்கல். புளிக்காமல் இருக்கப் பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரு கரண்டி மட்டும் சேர்ப்பது நம் வழக்கம். கிருமியை அடக்குவது புளிப்புதான். அது ஏறச் சில மணி நேரம் ஆகும், அதுவரை அந்தச் சோற்றைக் காக்க எதுவும் இல்லை. பயணத்துக்கு முழுத் தயிரில் பிசையுங்கள், ராத்திரியே சாப்பிட்டுவிடுங்கள்.

படி 2: சோற்றை ஆற வைப்பது

வயிற்றுக் கோளாறு பல நேரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால் அவசரப்படாதீர்கள். பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும். குக்கரில் வேகும்போதும் அவை எல்லாம் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கையில் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

சுடச்சுட டப்பாவில் அடைத்து மூடினால் நடுவில் உள்ள சோறு பல மணி நேரம் சூடாகவே கிடக்கும். மூடியில் படிந்த ஆவி தண்ணீராகச் சொட்டும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

9 மணி ரயிலென்றால் 4 மணிக்குள் சோறு வடித்துவிட வேண்டும். அகலமான தாம்பாளத்தில் ஓர் அங்குல கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்கு அடியில் 20 நிமிடம். அதோடு விட்டால் போதாது, ஏனென்றால் மே மாதத்தில் நம் சமையலறையே 33, 34 டிகிரி இருக்கும். புளிக்காய்ச்சலைக் கலந்து, தட்டை மூடாமல் குளிர்பெட்டியில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். தொட்டால் ஜில்லென்று இருந்த பிறகே டப்பாவில் போட வேண்டும். கலக்கும்போது வெள்ளைக் கட்டிகள் நிற்கக் கூடாது. புளி ஏறாத இடம் வெறும் சோறுதான், கெட்டால் அங்கிருந்துதான் கெடும்.

சப்பாத்திக்கும் இதே விதி: துணிமேல் ஒவ்வொன்றாக ஆறவிட்டுப் பிறகு அடுக்குங்கள்.

படி 3: பனிக்கட்டி பாட்டில்

கனமான, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை எடுங்கள். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், ஆகவே கால் சாண் காலியிடம் விட்டு, ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். ஸ்டீல் பாட்டில் வேண்டாம், அடி புடைத்துவிடும். கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம்: நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அவற்றுக்குத் தடை உண்டு, சோதனைச்சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள்.

உணவு டப்பாவை இரண்டு பாட்டில்களுக்கு நடுவே வைத்து, குளியல் துண்டால் இறுக்கிச் சுற்றி, பையின் நட்டநடுவில் துணிகளுக்குள் புதையுங்கள். முதுகு ஒட்டும் பக்கமும் வெயில் படும் மேல்பக்கமும் கூடாது. கட்டி இருக்கும்வரை கவலையில்லை. முழுவதும் கரைந்து தண்ணீர் குளிர்ச்சி இழந்ததும் 2 மணி நேரக் கணக்கு (32 டிகிரிக்கு மேல் என்றால் 1 மணி நேரம்) தொடங்கிவிடும்.

டப்பாவுக்கு என் தேர்வு எப்போதும் வாஷர் வைத்த ஸ்டீல் டப்பாதான். ஜிப் பைகளைச் சரியாகக் கழுவ முடிவதில்லை. காசு செலவழிப்பதானால், கூர்முனை உள்ள டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். தொட்டுப் பார்த்து ஊகிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

முட்டை, கறி

அவித்த முட்டையைவிட ஓட்டோடு பச்சை முட்டைதான் நன்றாகத் தாங்கும். விரிசல் விட்டதைத் தூக்கிப்போடுங்கள். கோழி வேண்டாம் என்பதே என் கருத்து. நெத்திலிக் கருவாடு இருக்கும்போது எதற்கு? இல்லை, எடுத்தே தீருவோம் என்றால் கல்லாக உறைந்த பச்சைக் கறியை இரண்டு உறை போட்டு, தனி டப்பாவில் வைத்து, முதல் சமையலிலேயே உள்ளே 75 டிகிரி வரும்வரை வேகவிடுங்கள்.

பிற்சேர்க்கை: பூண்டுத் தொக்கு

“எண்ணெய் மேலே நின்றால் கெடாது” என்று பலரும் நம்புகிறார்கள். எண்ணெய் பூஞ்சையைத்தான் தடுக்கும். காற்றில்லாத இடத்தில் வளரும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கொடிய கிருமிக்கு எண்ணெய்க்கு அடியில் கிடக்கும் பூண்டு வசதியான இடம். புளியோ எலுமிச்சையோ தாராளமாகச் சேர்த்து, தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை சுருள வதக்குங்கள். புறப்படும்வரை குளிர்பெட்டியில் இருக்கட்டும். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.