கத்திரிக்காய்க்குப் பயம், முந்தானைக்குப் பயமில்லை: கண்புரை ஆபரேஷனுக்குப் பின் நாம் செய்யும் தவறுகள்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே பாபநாசத்திலிருந்து அத்தை வந்து இறங்கினார். கத்திரிக்காய் கூடாது, மீன் கூடாது, புளி தொடவே கூடாது, மூன்று மாதத்துக்குக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று வாசற்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். பேசிக்கொண்டே, அம்மாவின் கண்ணோரம் வழிந்த நீரை முந்தானையால் ஒற்றி எடுத்தார். பஸ்ஸில் வழியெல்லாம் முகம் துடைத்துக்கொண்டு வந்த அதே முந்தானை. நான் பதறியதைப் பார்த்து, "என்ன தம்பி, சேலைத் துணிதானே" என்றார்.

எங்கள் பக்கத்தில் பார்த்தவரை, தவறுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். அக்கறைக்குக் குறைவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில்தான் கணக்கு மாறிப்போகிறது.

அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் பார்த்தது அப்பாயிக்கு நடந்த ஆபரேஷன். அந்தக் காலத்தில் பெரிதாக வெட்டி, புரையை முழுசாக வெளியே எடுத்து, தையல் போடுவார்கள். உள்ளே லென்ஸ் வைப்பது இல்லை. அதனால்தான் அப்பாயி சாகும்வரை சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தார். இருமினால் தையல் பிரியும், முக்கினால் பிரியும் என்று நாள்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தார்கள். அப்போது பத்தியம் பார்த்ததில் ஓரளவு நியாயம் இருந்தது. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைப்பதை லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949-லேயே செய்துகாட்டிவிட்டார். ஆனால் அது நம்மூர் ஏழைபாழைகளின் கைக்கு எட்டும் விலைக்கு வர, 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்கு லேசர் என்று ஊரில் சொல்லும் ஃபேக்கோ முறையில், அதாவது ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையில், வெட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். பெரும்பாலும் தையலே கிடையாது. கண்ணின் உள் அழுத்தமே வெட்டை மூடிக்கொள்கிறது.

அதனால் மீன் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதும். கறுப்புக் கண்ணாடி கூசாமல் இருக்கவும் தூசி விழாமல் இருக்கவும்தான். அது மருந்து இல்லை. வீட்டுக்குள் இருட்டில் அதைப் போட்டுக்கொண்டு தடுமாறி விழுந்தவர்கள் உண்டு. ஆனால் தையல் இல்லாத வெட்டு என்பதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. கண்ணை அழுத்தினாலோ கசக்கினாலோ அந்த வாய் லேசாகத் திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் கண்மேல் என்ன ஈரம் இருக்கிறதோ அது உள்ளே போகும்.

இங்கேதான் கோயில் வருகிறது. ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு நேர்த்திக்கடன் என்று ஐந்தாம் நாளே போய் நிற்பார்கள். கற்பூரத் தட்டு வரும். இரண்டு கையையும் தீபத்தில் காட்டி, அந்தச் சூட்டோடு கண்ணில் ஒற்றிக்கொள்வது நமக்கு யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகப் போய்விடும். அம்மாவை அழைத்துப்போனபோது அவருடைய இடது கையை நான் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்படியும் வலது கை கண்வரை போய்விட்டது. அடுத்து குருக்கள் நெற்றியில் விபூதி பூசுவார், பொடி இமைமேல் உதிரும். ஒரு மாதத்துக்கு விபூதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், தீபத்தைப் பார்த்துக் கும்பிட்டால் போதும். சாமி கோபித்துக்கொள்ளாது.

தண்ணீர் விஷயத்திலும் இதே கதைதான். எத்தனை நாள் தலைக்கு ஊற்றக் கூடாது என்பதை உங்கள் மருத்துவமனை சொல்லும், அதைக் கேளுங்கள். அதுவரை கழுத்துக்குக் கீழே குளியல், முகத்துக்கு ஈரத்துணி. சொன்ன நாள் முடிந்ததும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு உட்கார்ந்துவிடாதீர்கள். சீயக்காய் கண்ணில் பட்டால் நல்ல கண்ணே என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். ஆடிப்பெருக்கோ ஐப்பசித் துலா முழுக்கோ குறுக்கே வந்தால் அந்த வருஷம் காவிரித் தண்ணீரைச் சொம்பில் எடுத்துக் காலில் ஊற்றிக்கொள்ளலாம். ஆற்றிலும் குளத்திலும் முங்குவதற்கு டாக்டரிடம் தனியாகக் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

சொட்டு மருந்துக்கு வருவோம். அதிகம் கோட்டைவிடுவது இதில்தான். எங்களுக்குச் சொன்ன விதத்தையும் சொல்ல வேண்டும். எட்டுப் பேரை ஒரே வரிசையில் உட்கார வைத்து, மூன்று நிமிஷத்தில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண் ஆபரேஷன் செய்தவருக்கு!

பொதுவாக இரண்டு வேலைக்கு மருந்து தருவார்கள்: கிருமி சேராமல் இருக்க ஒன்று, வீக்கம் அடங்க ஸ்டீராய்டு ஒன்று. இரண்டும் ஒரே புட்டியில் கலந்தும் வரும். ஸ்டீராய்டு மருந்து பல வகைகளில் பால்போல வெள்ளையாக இருக்கும். குலுக்காமல் விட்டால் மருந்து அடியில் தங்கி, மேலே இருக்கிற நீர்தான் கண்ணில் விழும். இதை வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வரச் சொல்வார்கள், ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை போகும். பத்தாம் நாள் கண் தெளிந்ததும் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று நிறுத்துவது ஒரு தவறு. உள்வீக்கம் திரும்பக் கிளம்பும். "நல்ல மருந்தாக இருக்கிறதே" என்று தானாகக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு. ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தைச் சத்தமில்லாமல் ஏற்றி, நரம்பைக் கெடுத்துவிடும். மிஞ்சிய புட்டியை எதிர்வீட்டுக்குத் தானம் செய்வதும் வேண்டாம்; திறந்து ஒரு மாதம் ஆனால் குப்பைக்குத்தான்.

ஊற்றுகிற முறை: சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கீழ் இமையைக் கன்னத்துப் பக்கமாக இழுத்தால் சின்னப் பை மாதிரி ஒரு பள்ளம் தெரியும். புட்டியின் மூக்கு எதிலும் படாமல் அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும், கண் அவ்வளவுதான் பிடிக்கும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷம் விடுங்கள், இல்லையென்றால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். வழிந்ததைத் துடைக்கச் சுத்தமான பஞ்சு, அதுவும் கன்னத்தில் மட்டும். கணக்குக்கு நான் தினசரி காலண்டரைப் பயன்படுத்தினேன்: ஒவ்வொரு தாளிலும் முன்கூட்டியே எத்தனை வேளையோ அத்தனை கோடு, ஊற்ற ஊற்ற அடித்துவிடுவது. ஊருக்குப் போன நாளில் தங்கை வந்து பார்த்தாலும் குழப்பமில்லை.

களத்து மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தப்பா ஒருவர், தை மாதச் சம்பா அறுவடை சமயத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர், ஆறாம் நாள் "சும்மா வரப்பில் நின்று பார்க்கிறேன்" என்று போனார். அறுவடை மெஷின் கிளப்பிய தூசியில் நெல் சுணை கண்ணில் விழ, தோள் துண்டால் அழுத்தித் துடைத்தார். மறுநாள் கண் சிவந்தது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரப் பெண் இருந்ததால் தாய்ப்பால் விட்டார்கள். அதற்கு மேல் நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினார்கள். குளிர்ச்சியாம். அதோடு ஒரு வலி மாத்திரை. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு நாள் ஓடியிருந்தது. கண்ணுக்குள் சீழ். ஊசி மருந்தும் இன்னொரு ஆபரேஷனுமாகக் கண்ணைக் காப்பாற்றினார்கள், பார்வை பாதிதான் திரும்பியது.

இது அபூர்வமாக நடப்பதுதான், பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள். அடையாளம் எளிது. நாளுக்கு நாள் கண் தெளிய வேண்டும். தெளிந்த கண் மங்கினால், வலி கூடினால், சிவப்பு ஏறினால், பீளை கட்டினால், அது ஞாயிற்றுக்கிழமையானாலும் தீபாவளியானாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும். இங்கே கணக்கு மணி நேரத்தில். லேசான உறுத்தலும் மண் விழுந்த மாதிரி அரிப்பும் வேறு. அவை பலருக்கு வரும், போகும்.

இனி, தவறே நடக்காமல் "ஆபரேஷன் கெட்டுப்போச்சு" என்று புலம்புகிறவர்கள். இவர்கள்தான் அதிகம்.

எழுபது வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார் என்று பெருமையாகச் சொல்லப்படும் பெரியவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். அம்மாவும் அப்படித்தான், ஊசியில் நூல் கோப்பார், முருங்கைக்கீரையில் பழுப்பு பொறுக்குவார், தூரத்தில் வருவது யார் என்று மட்டும் தெரியாது. உண்மையில் அது புரை செய்த வேலை. லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது கிட்டப்பார்வை வந்து, பக்கத்தில் இருப்பது கொஞ்ச காலம் தெளிவாகத் தெரியும். ஆபரேஷனில் சாதாரணமாக வைக்கும் லென்ஸ் ஒரே தூரத்துக்கானது, அநேகமாகத் தூரப்பார்வைக்கு. ஆகவே தெருமுனை பஸ்ஸின் போர்டு தெரியும், கையில் இருக்கிற கீரை தெரியாது. அம்மா இரண்டு நாள் பேசவே இல்லை. "இருந்ததையும் பிடுங்கிட்டாங்க" என்றார். படிக்கிற கண்ணாடி வந்ததும் சரியாகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்பே, "இனி கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்குமா?" என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் இந்த மனஸ்தாபம் மிச்சம்.

அந்தக் கண்ணாடிக்கும் பொறுக்க வேண்டும். கண் ஆறி, பவர் ஒரு நிலைக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பஸ் ஸ்டாண்டில் நூறு ரூபாய்க் கண்ணாடி வாங்கி மாட்டினால் கண் கெட்டுவிடாது, தலைவலிதான் வரும்; இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் இருக்கும் என்று யார் சொன்னது?

நிறம் மாறுவதும் பயமுறுத்தும். புரை என்பது பழுப்பேறிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி. அது போனதும் வெள்ளை நீலம் பாய்ந்ததாகத் தெரியும், சில வாரத்தில் பழகிவிடும். அம்மா சமையல்கட்டுச் சுவரைப் பார்த்து, "இவ்வளவு அழுக்கிலயா இத்தனை நாள் சமைச்சேன்" என்று அழாத குறை.

ஒரு கண் முடிந்து மறு கண் பாக்கி இருக்கும் இடைக்காலம் கொஞ்சம் ஆபத்து. இரண்டு கண்ணும் ஒத்துப்போகாததால் ஆழம் பிடிபடாது. திண்ணைப் படி, வாய்க்கால் மேல் போட்ட பலகை, எல்லாமே ஒரு அங்குலம் தள்ளி இருக்கும். படியின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து விடுங்கள். டிவிஎஸ் எக்ஸல் சாவியை ஒளித்து வைத்து, டாக்டர் சோதித்துச் சொன்ன பிறகு கொடுங்கள்.

பிற்பாடு வரும் மங்கல் எல்லாம் ஒன்றல்ல. ஒரு மாதம் நன்றாகத் தெரிந்து பிறகு நடுப்பார்வை மட்டும் கலங்கினால், அதுவும் சர்க்கரைக்காரருக்கு, விழித்திரையில் நீர் கோத்திருக்கலாம். ஸ்கேனில் தெரியும், மருந்து உண்டு. திடீரென்று மின்னல் வெட்டு, கொசு பறப்பதுபோல் கூட்டமாகப் புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்குவது என்றால் விழித்திரை கிழிந்திருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். மாதங்களோ வருஷங்களோ கழித்து மெல்ல மங்கினால் "புரை மறுபடி வளர்ந்துடுச்சு" என்பார்கள். எடுத்த புரை வளராது. லென்ஸைத் தாங்கும் பின் உறைதான் மங்கியிருக்கும். யாக் லேசரில் சில நிமிஷத்தில் அதில் ஒரு ஜன்னல் திறந்துவிடுவார்கள். கத்தி கிடையாது, படுக்கை கிடையாது. இது தெரியாமல் "வயசு அவ்வளவுதான்" என்று மூலையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஊரில் எத்தனை பேரோ.

கண் விஷயத்தில் இந்த மண்ணுக்குப் பழைய பழக்கம் உண்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்தில் கண் நோயாளிகளைப் பற்றி எழுதிய குறிப்புகள் கண்களின் ஓவியங்களோடு சரசுவதி மகாலில் இருக்கின்றன. இருநூறு வருஷத்துக்கு முந்திய நோயாளியின் சீட்டு பத்திரமாக இருக்கிறது. அம்மாவின் சீட்டை மூன்று மாதத்தில் நான் தொலைத்தேன். மறு கண்ணுக்குப் போனபோது, முதல் கண்ணில் என்ன லென்ஸ், என்ன பவர் என்று கேட்டார்கள். ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸ் விவரத்தோடு ஒரு சின்ன அட்டை தருவார்கள். இப்போது அம்மாவின் இரண்டு அட்டையும் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கின்றன. அந்த உறை எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.