துக்கத்தை எழுத: முதலில் அலாரத்தை எழுதுங்கள்

அக்கா இறந்தபோது எனக்கு 22 வயது. அடுத்த வாரமே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆறு பக்கம் வந்தது. ‘கண்ணீர்’ பதினொரு இடத்தில், ‘வெறுமை’ ஏழு இடத்தில். படித்துப் பார்த்த சிநேகிதி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “இதுல உங்க அக்கா எங்கடி?”

இப்போது இதே மாதிரிப் பக்கங்களோடு இருபதுகளில் இருக்கும் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொருளைப் பிடியுங்கள். போனவர் தொட்டது, வைத்துவிட்டுப் போனது, பாதியில் விட்டது, எதுவானாலும் சரி. அது எங்கே இருந்தது, யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை, இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எனக்குக் கிடைத்தது அக்காவின் போன். காலை 5.40-க்கு அலாரம் வைத்திருந்தாள். அவள் போன பிறகும் அது தினமும் அடித்தது. யாரும் நிறுத்தவில்லை. நான் போர்வைக்குள் கிடந்தபடி அது தானாக ஓயும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். யாரோ இரவில் அதை சார்ஜில் போட்டுவந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. அவ்வளவுதான் எழுதினேன். ஏன் நிறுத்தவில்லை என்று விளக்கியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

முதல் வரைவில் சோகம், வலி, கண்ணீர், வெறுமை என்ற நான்கு சொற்களையும் தடை செய்துவிடுங்கள். ‘மௌனம்’ என்ற சொல் மீது எனக்குத் தனிக் கோபம் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றினால் புறநானூற்றின் 112-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பாரியின் மகள்கள் பாடியது. அப்பாவும் போய், பறம்பு மலையும் போன பிறகு இரண்டு இளம்பெண்கள் சொன்ன ஐந்தே அடி. அன்றைய மாதத்து நிலவில் அப்பா இருந்தார், குன்று எங்களுடையது. இன்றைய மாதத்து நிலவில் குன்று, போரில் வென்ற அரசர்களுடையது, அப்பா இல்லை. துயரத்துக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. நிலவு மட்டும் மாறாமல் இருக்கிறது, அதுதான் அடிக்கிறது. உங்கள் கதையிலும் மாறாத ஒன்று இருக்கும், தேடுங்கள்.

அந்தப் பாட்டில் ‘யாம்’ என்று வருகிறது. கேட்பவரைச் சேர்க்காத ‘நாங்கள்’. தமிழில் எழுதுகிறவளுக்கு இது பெரிய வசதி. நானும் அக்காவும் பேசும்போது ‘நாம்’. அவளைப் பற்றி வேறு யாரிடமாவது சொல்லும்போது ‘நாங்கள்’. அவள் போன பிறகு அந்த ‘நாம்’ சொல்ல ஆளில்லை. உங்கள் வரைவில் இந்த இரண்டு சொற்களும் எங்கெங்கே வருகின்றன என்று வட்டமிட்டுப் பாருங்கள். அப்புறம் வினைச்சொற்கள். ‘அவளுக்குப் பிடிக்கும்’ என்று எழுதிவிட்டு ‘பிடித்திருந்தது’ என்று அடித்துத் திருத்திய இடம் இருந்தால், தயவுசெய்து அந்தத் திருத்தத்தோடே விட்டுவிடுங்கள். நான் பத்து வரி எழுதினாலும் அதைச் சொல்ல முடியாது.

எவ்வளவு நேரம் எழுதுவது? ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை மனதில் புதைந்த துன்பம் பற்றி நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதவைத்தார். எழுதி முடித்த கையோடு மனம் கனத்துத்தான் போனது. நல்லது தெரிந்தது பிறகு வந்த மாதங்களில். அதனால் எழுதியதும் லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடிகாரம் வைத்து 15 நிமிடம், அப்புறம் எழுந்து வேறு வேலை. எழுதும்போது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டை மூடிவிட்டு, அப்போதே ஒரு மனிதரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள். அன்றைக்கு எழுத்து முக்கியமில்லை.

சின்னதாக எழுதினால் போதுமா என்று கேட்பவர்களுக்கு மேரி ஷெல்லியைச் சொல்வேன். 1815 மார்ச்சில், 17 வயதில், குறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தையைப் பறிகொடுத்தார். அன்றைய நாட்குறிப்பில் அதற்குக் கிடைத்தது சில சொற்கள்தான். பதின்மூன்று நாள் கழித்து ஒரு கனவைக் குறித்துவைக்கிறார்: குழந்தைக்குக் குளிர்தான் எடுத்திருந்ததாம், தீயருகே தேய்த்துவிட உயிர் வந்ததாம். விழித்தால் குழந்தை இல்லை. மறுவருடம் அவர் எழுதத் தொடங்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் செத்த உடம்புக்கு உயிர் வருகிறது, வந்த உயிர் துணை கேட்டு அலைகிறது. நோட்டில் கிடக்கும் ஒரு வரி எதற்கு ஆகும் என்று அன்றைக்கே தெரியாது.

தனிமையை எழுதும்போது ஆளில்லாத அறை, ஜன்னல், மழை என்று போகாதீர்கள். ஆட்கள் நிறைந்த அறையை எழுதுங்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் யார் குரலைத் தாழ்த்தினார்கள்? முதல் மாதம் தினமும் கூப்பிட்டவர் எப்போது நிறுத்தினார்? “கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?” என்று புதிதாகப் பார்த்தவர் கேட்டபோது என்ன பதில் சொன்னீர்கள்? நான் ஒரு முறை “ரெண்டு பேர்” என்றேன், இன்னொரு முறை “நான் மட்டும்தான்” என்றேன். இரண்டும் பொய் மாதிரிதான் இருந்தது.

நோட்டை யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் போனில் பூட்டிவைத்து எழுதுங்கள். பயந்து எழுதியது பக்கத்தில் தெரிந்துவிடும்.

வெளியே அனுப்பும் முன் மட்டும், அதே ஆளை இழந்த இன்னொருவரிடம் படித்துக்காட்டுங்கள். அனுமதிக்காக மட்டுமில்லை, தகவல் சரிபார்க்கவும்தான். அலாரக் கட்டுரையை அம்மாவிடம் படித்துக்காட்ட எனக்கு இரண்டு வருடம் ஆனது. முழுவதும் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

“5.40 இல்லடி, 5.45. அஞ்சு நிமிஷம் முன்னாடியே எந்திரிச்சு அந்த போன் பக்கத்துல உக்காந்துக்குவேன்.”