இலவச டேட்டிங் செயலிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான தவறுகள் செயலியைத் திறப்பதற்கு முன்பே, அதைத் தேடும்போதே நடந்துவிடுகின்றன. 'முற்றிலும் இலவசம்' என்று தேடுபவரின் கண்ணில் விளம்பரங்களும், டெலிகிராம் குழுக்களில் சுற்றும் ஏபிகே கோப்புகளும் (ஆண்ட்ராய்டு கைபேசியில் செயலியை நேரடியாக நிறுவும் கோப்புகள்) எளிதில் பட்டுவிடும். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கப்படும் அத்தகைய கோப்பு, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் தொடர்பு எண்களைப் பார்க்கவும் அனுமதி கேட்கக்கூடும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபியும் உங்கள் அம்மாவின் எண்ணும் முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்விடும். ஃபேஸ்புக் டேட்டிங் கட்டணமில்லாத சேவைதான்; சிங்கப்பூர், மலேசியா, கனடா ஆகிய நாடுகளில் வாழும் தமிழர்கள் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அது ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே இயங்குகிறது. ஆகவே அந்தப் பெயரில் தனியாக ஒரு ஏபிகே கோப்பு வந்தால் அது போலி.

அடுத்த தவறு, 'இலவசம்' என்ற சொல்லை அளந்து பார்க்காமல் நம்புவது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போன பிறகு, காசு கட்டாமல் செய்தி அனுப்பவும் வந்த செய்தியைப் படிக்கவும் முடிகிறதா? டிண்டர், பம்பிள், ஹிஞ்ச், ஓகேகியூபிட் ஆகியவற்றில் முடியும். அவற்றில் லைக் போடுவதற்கு வரம்பு இருக்கும், உங்களுக்கு லைக் போட்டவர்களின் முகங்கள் மங்கலாக இருக்கும். அவ்வளவுதான், அந்த வரம்புக்குள்ளேயே ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசிவிடலாம். ஒவ்வொரு செய்திக்கும் காயின் (செயலிக்குள் காசு கொடுத்து வாங்கும் நாணயம்), பேச்சுக்கு நிமிடக் கணக்கில் காயின் என்று கேட்கும் செயலிகள் வேறு வகை. அங்கே உங்கள் பேச்சு நீள நீளத்தான் அவர்களுக்கு வருமானம் என்பதால், எதிர்முனையில் இருப்பவர் உண்மையிலேயே துணை தேடுபவர்தானா என்று சந்தேகிக்க எல்லாக் காரணமும் உண்டு.

அந்த மங்கலான முகங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரவு பதினொரு மணிக்கு, 'உங்களை ஒருவருக்குப் பிடித்திருக்கிறது' என்று அறிவிப்பு வருகிறது. திறந்தால் பொன்னிற வட்டத்துக்குள் கலங்கிய ஒரு படமும், அதன் கீழே கட்டணப் பொத்தானும் தெரிகின்றன. தனிமையில் இருப்பவருக்கு அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருப்பது எளிதல்ல. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2019இல் டேட்டிங் சேவை நடத்தும் மேட்ச் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தபோது முன்வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று இதைச் சார்ந்ததே: மோசடிக் கணக்குகளாக இருக்கலாம் என்று நிறுவனமே குறித்து வைத்திருந்த கணக்குகளிலிருந்து வந்த செய்திகளைக் காட்டி, இலவசப் பயனர்களைச் சந்தா கட்டத் தூண்டியது என்று ஆணையம் சொன்னது. 2025 ஆகஸ்டில் 1.4 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசமாக முடிந்தது. முகம் தெரியாத ஒரு லைக்குக்காக உடனே பணம் கட்டாதீர்கள். உண்மையிலேயே உங்களைப் பிடித்தவர், நீங்கள் வழக்கம்போலத் தள்ளிப் பார்க்கும் படங்களுக்கிடையே வந்து சேர வாய்ப்பு இருக்கிறது.

மூன்று நாள் இலவசச் சோதனை என்று ஆரம்பித்து, பிறகு செயலியை அழித்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைப்பதும் பரவலான தவறு. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி நினைத்து நான்கு மாதம் பணம் இழந்தார். செயலியை நீக்கினாலும், கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் ஆட்டோபே நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்; யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வரும். அதே சமயம் 15,000 ரூபாய் வரையிலான தொடர் கட்டணங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கப்படுவதில்லை என்பதால், அந்த அறிவிப்பைப் படிக்காமல் தள்ளிவிடுபவருக்குப் பணம் போவதே தெரியாது.

பணம் ஒரு பக்கம் இருக்க, தகவலைக் கொடுப்பதில் நேரும் தவறுகள் இன்னும் ஆழமானவை. இன்ஸ்டாகிராமில் இருக்கும் அதே படத்தை இங்கும் போட்டால், படத்தை வைத்துத் தேடி உங்கள் முழுப் பெயரை எடுத்துவிடலாம். கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டையும், வாசலில் நிற்கும் வண்டியின் எண்ணும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசி எண் இவை எல்லாவற்றையும்விட விலை மதிப்புள்ளது. அந்த எண் யுபிஐயுடன் இணைந்திருந்தால், யார் வேண்டுமானாலும் அதைக் கட்டணச் செயலியில் தட்டிப் பார்த்து, வங்கியில் பதிவான உங்கள் பெயரை முன்னெழுத்தோடு தெரிந்துகொள்ளலாம். செயலிக்குள்ளேயே பேசவும் வீடியோ அழைப்பு செய்யவும் வசதி இருக்கும் வரை எண்ணைக் கொடுக்க வேண்டிய அவசரமே இல்லை.

ஆகவே, அறிமுகமான அரை மணி நேரத்தில் 'வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுங்கள்' என்று அவசரப்படுத்துபவரிடம் நின்று நிதானிக்க வேண்டும். அதன் பிறகு நடப்பவற்றில் இரண்டு வகைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்றில், நள்ளிரவில் நிர்வாண வீடியோ அழைப்பு வரும். சில விநாடிகளில் உங்கள் முகமும் சேர்ந்து பதிவாகிவிடும்; மறுநாள் காவல் அதிகாரி என்று ஒருவர் பேசுவார், பணம் கேட்பார். ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள் என்பதால் முதல் ரூபாயையே கொடுக்கக் கூடாது. இன்னொரு வகை மெதுவானது. வாரக்கணக்கில் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று அக்கறையாகப் பேசிய பின், 'நான் போடும் முதலீட்டுத் தளத்தில் நீங்களும் போடுங்கள்' என்பார்கள். முதலில் சிறு தொகையை இலாபத்தோடு எடுக்கவும் விடுவார்கள்; பெரிய தொகை உள்ளே போன பிறகுதான் கதவு அடைபடும். வேலை என்று ஏமாற்றி மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் கடத்தப்பட்டு, இத்தகைய மோசடி உரையாடல்களை நடத்தக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். அந்தப் பக்கம் தட்டச்சு செய்பவருக்கும் அது விருப்பமான வேலையாக இல்லாமல் இருக்கலாம்.

நேரில் சந்திக்கும்போது இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். டெல்லி, மும்பை, ஐதராபாத் போன்ற நகரங்களில் ஒரு குறிப்பிட்ட கடைக்கே அழைத்துச் சென்று, விலை தெரியாத பானங்களை வரவழைத்து, எதிரில் இருந்தவர் நழுவிய பிறகு ஆயிரக்கணக்கில் பில் நீட்டி மிரட்டிய சம்பவங்கள் செய்திகளில் வந்திருக்கின்றன. சொந்தமாகப் போய்ச் சொந்தமாகத் திரும்புங்கள். எங்கே, யாருடன் என்பது நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். ஓரினச்சேர்க்கையாளர்களைத் தனியிடத்துக்கு வரவழைத்து, 'வீட்டில் சொல்லிவிடுவோம்' என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களும் உண்டு. வயது வந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. புகார் கொடுக்கப் போகிறவர் தன் மீதே வழக்கு வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

மாட்டிக்கொண்டவர்கள் வெட்கத்தால் செய்யும் கடைசித் தவறு, உரையாடலையெல்லாம் அழித்துவிட்டு மௌனமாக இருப்பது. மிரட்டியவரை பிளாக் செய்வதற்கு முன் உரையாடல், அந்த புரொஃபைல், பணப் பரிமாற்ற எண் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தத் தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் முடக்கப்பட அவ்வளவு வாய்ப்பு உண்டு. அந்தரங்கப் படங்களை வைத்து மிரட்டினால் ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசத் தளம் இருக்கிறது. அது உங்கள் கைபேசியிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை போன்ற ஓர் எண்சரத்தை உருவாக்கி, திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அந்தப் படம் அவர்களுடைய தளங்களில் ஏறினால் அடையாளம் கண்டு அகற்ற அது உதவும். எண்சரம் மட்டுமே வெளியே போகும், படம் உங்கள் கைபேசியை விட்டு நகராது.